குடும்பப் பராமரிப்பாளர் கொடுப்பனவும் மேன்முறையீடும்: பிரித்தானியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயதான பெற்றோரையோ, நோயுற்ற துணையையோ, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்குப் பிரித்தானிய அரசு வழங்கும் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவு பற்றியும், அது மறுக்கப்பட்டால் அல்லது திருப்பிக் கேட்கப்பட்டால் என்ன செய்வது என்பது பற்றியும் இங்கே விளக்கப்படுகிறது. தொகைகள் யாவும் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவை மாறும் என்பதால், உங்கள் கடிதம் எந்த ஆண்டைப் பற்றியது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொடுப்பனவு யாருக்குக் கிடைக்கும்?

பதினாறு வயதைக் கடந்தவராகவும், ஒருவரை வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் பராமரிப்பவராகவும், வேலை செய்தால் கழிவுகள் போக வாரத்துக்கு 196 பவுணுக்கு மேல் சம்பாதிக்காதவராகவும், வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிக்காதவராகவும் நீங்கள் இருக்க வேண்டும். உங்களால் பராமரிக்கப்படுபவர் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கான மாற்றுத்திறன் கொடுப்பனவு), பிப் (வேலை செய்யும் வயதினருக்கான மாற்றுத்திறன் கொடுப்பனவு) என்பதன் அன்றாட வாழ்க்கைப் பகுதி, டிஎல்ஏ (இப்போது பெரும்பாலும் பிள்ளைகளுக்கான மாற்றுத்திறன் கொடுப்பனவு) என்பதன் பராமரிப்புப் பகுதியில் நடுத்தர அல்லது உயர் வீதம் போன்றவற்றில் ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். தொகை வாரத்துக்கு 83 பவுண் 30 பென்ஸ். முப்பத்தைந்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டரைப் பவுண் கூட வராது. எனவே இதை ஊதியமாக எண்ண முடியாது. ஆனாலும் இதைப் பெறும் ஒவ்வொரு வாரத்துக்கும் உங்கள் தேசியக் காப்புறுதிக் கணக்கில் வரவு விழுவதால், பிற்காலத்தில் உங்கள் அரச ஓய்வூதியம் குறையாமல் இருக்க அது உதவும். பணத்தைவிட இதுவே பெரிது என்று சொல்லக்கூடிய குடும்பங்களும் உண்டு.

விண்ணப்பத்தை மூன்று மாதங்கள் வரை பின்தேதியிடலாம். பராமரிக்கப்படுபவரின் கொடுப்பனவு நீண்ட இழுபறிக்குப் பிறகு கிடைத்திருந்தால், அந்த முடிவு வந்து மூன்று மாதங்களுக்குள் நீங்கள் விண்ணப்பிக்கும் பட்சத்தில், அவருக்குப் பணம் தொடங்கிய நாள்வரை உங்கள் விண்ணப்பமும் பின்னோக்கிச் செல்லும்.

அம்மாவைப் பார்ப்பது மகளின் கடமைதானே, அதற்கு 35 மணி நேரக் கணக்கை எப்படிக் காட்டுவது?

எங்கள் வீடுகளில் இந்தக் கேள்விதான் பல விண்ணப்பங்களைத் தொடங்கும் முன்னரே நிறுத்திவிடுகிறது. "நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, சும்மா கூட இருக்கிறேன்" என்று சொல்பவரிடம் நாளை விவரிக்கச் சொன்னால், விடியற்காலை குளியலறைக்குக் கைபிடித்துப் போவதில் தொடங்கி, இன்சுலின் ஊசி, மாத்திரைப் பெட்டி, கஞ்சி, உடை மாற்றல், மருத்துவருக்குத் தொலைபேசி, இரவில் இரண்டு தடவை எழுந்து பார்ப்பது என்று அவருடைய நாள் நிரம்பிவிடும். சட்டம் கேட்பது உடலுழைப்பை மட்டுமல்ல. மறதிநோய் உள்ளவர் அடுப்பைத் திறந்துவிடாமல், வாசலைத் தாண்டிப் போய்விடாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் பராமரிப்புத்தான். நீங்கள் வேறு வீட்டில் வசிப்பவராக இருந்தால், பராமரிக்கப்படுபவர் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் செய்யும் ஆயத்தங்களும் போன பின் செய்யும் துப்புரவு வேலைகளும் அந்த மணிக்கணக்கில் சேரும்.

வாரம் என்பது ஞாயிறு தொடங்கிச் சனி முடிய. இரண்டு பேரைப் பார்த்து மொத்தம் 35 மணி நேரம் சேர்ந்தால் போதாது, ஒருவருக்கே 35 மணி நேரம் ஆகவேண்டும். மனம் குறைத்துச் சொல்வதை நிறுத்த எளிய வழி, சாதாரணமான ஒரு வாரத்தைத் தெரிவுசெய்து நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. பிறகு சர்ச்சை எழுந்தால் அந்தக் கொப்பியே சாட்சியாகும்.

கடமை என்ற சொல்லை அரசும் ஒருகாலத்தில் இப்படித்தான் பயன்படுத்தியது. 1976இல் இந்தக் கொடுப்பனவு வேறு பெயரில் தொடங்கியபோது, திருமணமான பெண்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணத்தில் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. தாயைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி அந்த மறுப்பை எதிர்த்தார். அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று, 1986 ஜூனில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. இன்று எங்கள் மருமகள்மாரும் மகள்மாரும் பெறும் பணம் அவ்வாறு வந்ததே.

கணவனும் மனைவியும் சேர்ந்து அப்பாவைப் பார்க்கிறோம். இருவரும் பெறலாமா?

முடியாது. பராமரிக்கப்படும் ஒருவருக்கு ஒரு பராமரிப்பாளர் மட்டுமே இதைப் பெறலாம். அப்பாவையும் அம்மாவையும் இருவரும் தனித்தனியே 35 மணி நேரம் பார்ப்பதாக இருந்தால், ஆளுக்கொருவர் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

நான் விண்ணப்பித்தால் அம்மாவுக்குக் கிடைக்கும் பணம் குறையுமா?

குறையக்கூடும். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான். அம்மா தனியாக வசித்து, வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட் பெற்று, அதில் கடும் மாற்றுத்திறனுக்கான மேலதிகத் தொகையும் அவருக்குச் சேர்ந்திருந்தால், யாராவது அவருக்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் பெறத் தொடங்கியதும் அந்த மேலதிகத் தொகை நிறுத்தப்படும். அது வாரத்துக்கு 82 பவுண் 90 பென்ஸ். மகளுக்கு வருவது 83 பவுண் 30 பென்ஸ். குடும்பம் முழுவதற்குமான இலாபம் வாரத்துக்கு 40 பென்ஸ். மகளின் தொகைக்கு வருமான வரிப் பொறுப்பும் உண்டு என்பதால் அதுவும் மிஞ்சாமல் போகலாம். அட்டென்டன்ஸ் அலவன்ஸ், பிப் ஆகியவை இதனால் பாதிக்கப்படுவதில்லை. அம்மா உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவராக இருந்தால் பெரும்பாலும் அந்த மேலதிகத் தொகை அவருக்கு ஏற்கெனவே இருக்காது. அப்படியானால் தயங்கத் தேவையில்லை.

மாமியார் ஓய்வூதியம் பெறுகிறார், மாமனாரைப் பார்ப்பவரும் அவரே. அவருக்கு விண்ணப்பிப்பதில் பயன் உண்டா?

அரச ஓய்வூதியமும் இந்தக் கொடுப்பனவும் ஒரே வேளையில் இரண்டையும் முழுதாகப் பெற முடியாத வகையைச் சேர்ந்தவை. ஓய்வூதியம் வாரத்துக்கு 83 பவுண் 30 பென்ஸோ அதற்கு மேலோ இருந்தால், கேரர்ஸ் அலவன்ஸ் பணமாகக் கைக்கு வராது. ஆனால் "உங்களுக்கு உரிமை உண்டு, பணம் வழங்க முடியாது" என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பலர் மறுப்பு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதைக் காட்டினால் பென்ஷன் கிரெடிட் கணக்கில் பராமரிப்பாளருக்கான 46 பவுண் 40 பென்ஸ் வாராந்தம் சேர்க்கப்படும். முன்பு சற்றே வருமானம் கூடியதால் பென்ஷன் கிரெடிட் கிடைக்காதவருக்கு, இந்தச் சேர்க்கையால் அது கிடைக்கவும் கூடும்.

யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர் இதையும் கேட்க வேண்டுமா?

யூனிவர்சல் கிரெடிட் என்பது வருமானம் குறைந்த வேலை வயதினருக்கான கொடுப்பனவு. கேரர்ஸ் அலவன்ஸாக வரும் ஒவ்வொரு பவுணும் அதில் கழிக்கப்படும். ஆகவே உண்மையான இலாபம் யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே இருக்கும் பராமரிப்பாளர் கூறில்தான் இருக்கிறது. அது மாதத்துக்கு 201 பவுண் 68 பென்ஸ். அந்தக் கூறைப் பெறக் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, 196 பவுண் வருமான எல்லையும் அதற்கு இல்லை. வருமானம் அந்த எல்லைக்கு அருகே ஏறி இறங்குபவர்கள் கேரர்ஸ் அலவன்ஸை விட்டுவிட்டு அந்தக் கூறை மட்டும் பெறுவது பல வேளைகளில் நிம்மதியான வழி என்பது என் கருத்து.

என்னுடைய வீசாவில் அரச நிதியைப் பெற முடியாது என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் விண்ணப்பிக்க வேண்டாம். கேரர்ஸ் அலவன்ஸ் அரச நிதி என்ற பட்டியலில் உள்ளது, பெற்றுக்கொண்டால் அடுத்த வீசா விண்ணப்பம் சிக்கலாகலாம். விதிவிலக்குகள் சில உண்டு என்றாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரைக் கேளாமல் அவற்றை நம்பி இறங்கக்கூடாது. மற்றவர்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பிரித்தானியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு இந்த இரண்டாண்டு விதி பொருந்தாது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வாழ்ந்துவிட்டு இங்கு குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கு வாழ்ந்த காலம் சில வேளைகளில் கைகொடுக்கும். மறுப்புக் கடிதத்தில் இந்த விதி காரணமாகக் காட்டப்பட்டிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குப் போனால் பணம் நின்றுவிடுமா?

ஒவ்வொரு 26 வாரத்திலும் நான்கு வாரங்கள் வரை பராமரிப்பிலிருந்து ஓய்வெடுக்கலாம், அந்த ஓய்வை வெளிநாட்டிலும் கழிக்கலாம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதை முழுதாகப் பார்த்துவிட்டு உடனே திரும்பினால் நான்கு வாரத்துக்குள் அடங்கும், அதன் பிறகு சென்னையில் பட்டுச்சேலை எடுக்கத் தங்கினால் அடங்காது. பராமரிக்கப்படுபவரையும் கூட்டிக்கொண்டு, அவரைப் பார்ப்பதற்காகவே போவதாக இருந்தால், அவருடைய கொடுப்பனவு தொடரும் வரை, அதாவது பொதுவாக 13 வாரம் வரை, உங்களுடையதும் தொடரும். எப்படியாயினும் புறப்படும் முன்னர் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் போய்த் திரும்பியவர்களுக்கே பின்னர் கடன் கடிதம் வருகிறது.

பராமரிக்கப்படுபவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், 28 நாள்களுக்குப் பிறகு பெரியவர்களுடைய பிப் அல்லது அட்டென்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும், அதோடு உங்களுடையதும் நிற்கும். அவர் இறந்துவிட்டால் எட்டு வாரம் வரை உங்களுக்குப் பணம் தொடர்ந்து வரும்.

கடையில் பகுதிநேர வேலை செய்கிறேன். 196 பவுண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. இந்த எல்லை ஒரு படிக்கட்டல்ல, செங்குத்தான பள்ளம். 196 பவுண் சம்பாதித்தால் முழுத் தொகையும் கிடைக்கும், ஒரு பவுண் கூடினால் அந்த வாரத்துக்குரிய 83 பவுண் 30 பென்ஸ் முழுவதும் போய்விடும். 2025 ஏப்ரலுக்கு முன் எல்லை 151 பவுணாக இருந்தது. 2023 ஏப்ரல் தொடங்கிய ஆண்டில் 139 பவுண், அதற்கு முந்திய ஆண்டில் 132. குறைந்தபட்ச ஊதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடியபோது எல்லை அதே வேகத்தில் கூடாததால், அதே கடையில் அதே மணி நேரம் வேலை செய்தவர்கள் தாங்கள் எதையும் மாற்றாமலே எல்லையைத் தாண்டிப்போனார்கள். 2025இலிருந்துதான் எல்லை, பெரியவர்களுக்கான சட்டக் குறைந்தபட்ச ஊதியமான தேசிய வாழ்வூதியத்தில் 16 மணி நேரத்துக்கு ஈடாக வைக்கப்பட்டது.

எல்லையோடு ஒப்பிடப்படுவது மொத்தச் சம்பளம் அன்று. வருமான வரி, தேசியக் காப்புறுதி, நீங்கள் கட்டும் தொழில் ஓய்வூதியப் பங்கில் பாதி ஆகியவை முதலில் கழிக்கப்படும். நீங்கள் வேலையில் இருக்கும்போது அம்மாவையோ உங்கள் பிள்ளையையோ பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவருக்குப் பணம் கொடுத்தால், உங்கள் நிகர வருமானத்தில் பாதி வரை அந்தச் செலவையும் கழிக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பது கணக்கில் வரும், உங்கள் சொந்த அக்காவுக்குக் கொடுப்பது வராது. கையில் கொடுத்தால் ஒரு துண்டிலாவது தேதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது சராசரி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு சம்பளம் 720 பவுண், நத்தார்க் காலத்தில் கூடுதல் ஷிப்ட் செய்ததால் அடுத்தது 860, அதற்கடுத்தது 690. தனித்தனியாகப் பார்த்தால் நடுச் சம்பளம் வாரத்துக்கு 215 பவுணாகி எல்லையைத் தாண்டும், நான்கு வாரத்துக்கும் சேர்த்து 333 பவுண் 20 பென்ஸ் திருப்பிக் கேட்கப்படும். மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 189 பவுணும் சில பென்ஸுமே வரும், ஒரு சதமும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வருமானம் ஏறி இறங்கும்போது பொருத்தமான காலத்துக்குச் சராசரி பார்க்கச் சட்டவிதிகள் இடம் கொடுக்கின்றன. மாதச் சம்பளம் என்றால் பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்குப்படி மாதத்துக்கு 849 பவுண் 33 பென்ஸ் வரை பாதுகாப்பு.

சராசரி பார்க்கும் இந்த இடத்தில், இந்தக் கொடுப்பனவை வழங்கும் வேலை, ஓய்வூதியத் திணைக்களமே தவறியிருக்கிறது. பராமரிப்பாளர்களின் கடன் விவகாரம் 2024இல் பத்திரிகைகளில் பெரிதாக வெடித்ததைத் தொடர்ந்து, லிஸ் சேய்ஸ் அம்மையார் தலைமையில் சுயாதீன ஆய்வு ஒன்று அமைக்கப்பட்டு, 2025 நவம்பரில் அதன் அறிக்கை வெளிவந்தது. 2015இலிருந்து அலுவலர்களுக்குக் கொடுக்கப்பட்ட சராசரி பற்றிய வழிகாட்டல் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. அரசு பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்று, பழைய கடன்களை மீண்டும் பரிசீலிப்பதாக அறிவித்தது. இந்தக் காலத்தில் ஏறி இறங்கும் சம்பளத்தால் கடன் விதிக்கப்பட்டவர், அதை முழுதாகக் கட்டி முடித்திருந்தாலும், மறுபரிசீலனை கேட்பதில் தயங்கக்கூடாது.

ஆயிரக்கணக்கான பவுண் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

பணம் கட்டச் சம்மதிக்கும் முன்னர், வந்திருக்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அவற்றில் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். பொதுவாக இரண்டு இருக்கும். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உங்களுக்கு உரிமை இல்லை" என்பது முதலாவது. "ஆகவே இவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது, அதை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும்" என்பது இரண்டாவது. சில வேளைகளில் 50 பவுண் தண்டம் மூன்றாவதாக இருக்கும். இவை ஒரே உறையில் வந்தாலும் சட்டப்படி தனித்தனி முடிவுகள். கடன் தொகை மட்டுமே கண்ணில் படுவதால் பலர் இரண்டாவதை மட்டும் எதிர்க்கிறார்கள். முதலாவதை எதிர்க்காமல் விட்டால், சராசரி, கழிவுகள் பற்றிய உங்கள் வாதம் முழுவதும் அதில்தான் இருப்பதால், அது மேன்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் முன் வராமலே போய்விடக்கூடும். முடிவை மீண்டும் பார்க்கும்படி திணைக்களத்துக்கு எழுதும் மீள்பரிசீலனைக் கடிதத்தில் ஒவ்வொரு முடிவையும் அதன் தேதியோடு குறிப்பிட்டு, அனைத்தையும் எதிர்க்கிறேன் என்று எழுதுங்கள்.

இரண்டாவது முடிவுக்கும் தனியான பதில் உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் திணைக்களம் தானே பிழைவிட்டுக் கொடுத்த பணத்தையும் திரும்பப் பெறலாம். கேரர்ஸ் அலவன்ஸில் அப்படியல்ல. 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி, நீங்கள் ஒரு முக்கிய விடயத்தைத் தவறாகச் சொன்னதாலோ சொல்லாமல் விட்டதாலோதான் அந்தப் பணம் போனது என்பதைத் திணைக்களம் காட்ட வேண்டும். சம்பளம் கூடியதை நீங்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தால், அழைத்த நாளைத் தொலைபேசிக் கட்டணப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுங்கள். உரையாடல் பதிவையும் உங்கள் கோப்பின் பிரதியையும் தனிப்பட்ட தரவுச் சட்டப்படி கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. "முதலாளி வரித்துறைக்கு என் சம்பளத்தை அறிவிக்கிறார், அரசுக்குத் தெரியும்தானே" என்ற வாதம் தனியே நிற்காது. ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது மற்றதற்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2005இல் ஹிஞ்சி வழக்கில் தீர்த்திருக்கிறது. ஆனாலும் வரித்துறையின் சம்பளத் தரவு கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவுக்கே எச்சரிக்கையாகப் போய்ச் சேர்கிறது, அந்த எச்சரிக்கைகளில் பாதியளவைத்தான் அலுவலர்கள் நீண்ட காலம் பார்த்துவந்தார்கள். உங்கள் வழக்கில் எச்சரிக்கை எப்போது வந்தது, யாராவது பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பார்த்த பின்னும் பணத்தை விட்டுக்கொண்டேயிருந்தார்கள் என்றால், அந்த நாளுக்குப் பிந்திய கடனை எதிர்த்து வாதிட இடம் உண்டு. முடிவு வரும்வரை அறவிடலை நிறுத்திவைக்குமாறும் எழுத்தில் கோருங்கள்.

மீள்பரிசீலனை என்பது என்ன? நேரடியாக மேன்முறையீடு செய்ய முடியாதா?

முடியாது. முதலில் திணைக்களத்திடமே கட்டாய மீள்பரிசீலனை கேட்க வேண்டும். கடிதத்தின் தலைப்பில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதம் அவகாசம். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. காரணங்கள் கடிதத்தில் இல்லையென்றால் எழுத்துமூலக் காரணம் கேட்கலாம், அதனால் அவகாசம் சற்று நீளும். தொலைபேசியில் கேட்டாலும் செல்லும் என்றாலும், சிஆர்எம்ஆர்1 என்ற படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வதே நல்லது. ஆதாரங்கள் சேரவில்லை என்பதற்காகப் படிவத்தைத் தாமதிக்க வேண்டாம், "ஆதாரங்கள் பின்னர் அனுப்பப்படும்" என்று எழுதி அனுப்புங்கள்.

பரிசீலிப்பவர் அதே திணைக்களத்தின் வேறொரு அலுவலர் என்பதால், "முடிவு மாற்றப்படவில்லை" என்ற பதில் வந்தால் மனம் தளரத் தேவையில்லை. அந்தப் பதில்தான் தீர்ப்பாயத்துக்குள் நுழைவதற்கான சீட்டு.

ஒரு மாதம் கடந்துவிட்டது. வாசல் அடைபட்டதா?

இல்லை. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் முடிவுத் தேதியிலிருந்து 13 மாதம் வரை கேட்கலாம். நோய், குடும்பத்தில் மரணம், ஆங்கிலக் கடிதத்தை வாசித்து விளக்க ஆளில்லாமை ஆகியவற்றை எழுதலாம். "தாமதம், பரிசீலிக்க மாட்டோம்" என்று திணைக்களம் மறுத்தாலும், 13 மாதத்துக்குள் கேட்டிருந்தால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று அதற்கு மேலே உள்ள மேல்நிலைத் தீர்ப்பாயம் 2017இல் தீர்ப்பளித்துள்ளது. திணைக்களத்தின் சொந்தப் பிழையால் தவறிய முடிவை எந்தக் காலத்திலும் திருத்தக் கோரலாம்.

அம்மாவின் பிப் நிறுத்தப்பட்டதால் என்னுடையதும் நின்றுவிட்டது. எதற்கு மேன்முறையீடு செய்வது?

அம்மாவின் முடிவுக்கு. உங்களுடையது அதன் நிழல் மட்டுமே. மதிப்பீட்டுக்கு வந்தவரிடம் அம்மா "நான் நல்லாத்தான் இருக்கிறன், எல்லாம் நானே செய்வன்" என்று சொல்லியிருப்பார், பல அறிக்கைகளில் இதே வாக்கியம் ஆங்கிலத்தில் பதிந்திருக்கும். அந்நியர் முன் குறை சொல்லக்கூடாது என்ற பழக்கத்தைத் தீர்ப்பாயத்துக்கு விளக்கி, உங்கள் கொப்பியையும் மருத்துவர் கடிதத்தையும் இணையுங்கள். அவர் வென்றதும், அந்த முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். தானாக வரும் என்று காத்திருந்தால் பின்தேதிப் பணம் கைநழுவும்.

மேன்முறையீட்டுக்குச் செலவாகுமா? தோற்றால் அவர்கள் செலவை நான் கட்ட வேண்டுமா?

இரண்டுமே இல்லை. மீள்பரிசீலனைப் பதிலின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்தையோ இணையவழிப் படிவத்தையோ அனுப்ப வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பாயம் திணைக்களத்தின் கீழ் இயங்குவதல்ல. இந்தக் கட்டத்துக்கு அரச சட்ட உதவிப் பணம் கிடைக்காது. எனினும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள், சட்ட மையங்கள், சில நகரசபைகளின் நலவுரிமைப் பிரிவுகள் கட்டணமின்றி உதவுகின்றன. வென்றால் பங்கு தரவேண்டும் என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் போகவேண்டாம்.

ஒரு பாதகமும் உண்டு. தீர்ப்பாயம் முழு முடிவையும் புதிதாகப் பார்க்கும். நீங்கள் கேட்காத காலப் பகுதியும் கேள்விக்குள்ளாகலாம். சம்பளத் துண்டுகள் உங்களுக்கு எதிராகப் பேசும் என்றால் முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள்.

விசாரணை நாளில் என்ன நடக்கும்? எனக்கு ஆங்கிலம் போதாது.

படிவத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறியுங்கள், கட்டணம் இல்லை. ஈழத்துப் பேச்சுவழக்கு தெரிந்தவர் வேண்டுமா, தமிழ்நாட்டு வழக்கா என்பதையும் எழுதலாம். மகனோ மகளோ கூட வரலாம், ஆனால் மொழிபெயர்க்க அவர்களை அனுமதிக்கமாட்டார்கள். ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்படி கேட்கும் வழியும் படிவத்தில் உண்டு. தயக்கத்தால் பலர் அதைத் தெரிவுசெய்கிறார்கள். வருமானக் கணக்கில் மட்டும் சர்ச்சை என்றால் அது போதலாம், 35 மணி நேரமோ நேர்மையோ கேள்விக்குள்ளானால் நேரில் பேசுவதே நல்லது.

விசாரணைக்கு முன் பக்க எண்ணிட்ட தடித்த கட்டு ஒன்று வரும். அதன் முன்பகுதியில் திணைக்களத்தின் வாதம் இருக்கும், நடுவில் எங்காவது வாரவாரியான வருமான அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை உங்கள் சம்பளத் துண்டுகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பிழை எங்கேயாவது இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்: விடுமுறைச் சம்பளம் தவறான வாரத்தில் விழுந்திருக்கும், ஓய்வூதியப் பங்கு கழிக்கப்படாமல் இருக்கும்.

கேரர்ஸ் அலவன்ஸ் வழக்கை வழமையாக ஒரு நீதிபதி மட்டுமே விசாரிப்பார், பிப் வழக்கில் மருத்துவர் ஒருவரும் மாற்றுத்திறன் அனுபவமுள்ள ஒருவரும் கூட இருப்பார்கள். அங்கியோ கூண்டோ இல்லாத சாதாரண அறை, அல்லது தொலைபேசி, அல்லது காணொளி. திணைக்களத்தின் பிரதிநிதி வராமலும் போகலாம். நீதிபதியைப் பார்த்துச் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசி, மொழிபெயர்ப்பாளருக்கு இடம் விட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

எச்சரிக்கையின் கீழ் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அது மேன்முறையீட்டின் பகுதியல்ல, குற்றவியல் விசாரணையின் தொடக்கம். வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள், தொலைபேசியில்கூட விளக்கம் கொடுக்காதீர்கள்.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் சகோதரிக்கும் இதே முறைதானா?

இல்லை. அங்கு 2023 நவம்பரில் சில பகுதிகளில் தொடங்கி, 2024 நவம்பரில் நாடு முழுவதும் கேரர் சப்போர்ட் பேமென்ட் என்ற தனிக் கொடுப்பனவு வந்துவிட்டது. மீள்தீர்மானம் கேட்க 42 நாள், அதன் பின் மேன்முறையீட்டுக்கு 31 நாள். வட அயர்லாந்திலும் நிர்வாகம் தனி.

முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் தோற்றுவிட்டேன். இன்னும் வழி உண்டா?

உண்டு, ஆனால் குறுகிய வழி. மேல்நிலைத் தீர்ப்பாயம் சட்டத் தவறை மட்டுமே பார்க்கும், "நீதிபதி என்னை நம்பவில்லை" என்பது பொதுவாக அதற்குள் வராது. சராசரி பற்றிய விதியைப் பார்க்கவேயில்லை, ஆதாரம் ஒன்றைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கினார், மொழிபெயர்ப்பாளர் இன்றியே விசாரணையை நடத்தினார் என்பவை வரும். தீர்ப்பின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் காரணங்களின் முழு அறிக்கையைக் கேளுங்கள். அது அனுப்பப்பட்ட பின் இன்னொரு மாதத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே அனுமதி கோர வேண்டும். அவர்கள் மறுத்தால் மேல்நிலைத் தீர்ப்பாயத்திடம் நேரடியாக அனுமதி கேட்க மேலும் ஒரு மாதம் உண்டு. இதே வழி திணைக்களத்துக்கும் திறந்திருப்பதால், நீங்கள் வென்ற வழக்கிலும் அவர்கள் காரண அறிக்கை கேட்டுப் பணத்தை நிறுத்திவைக்கக்கூடும். அப்படிக் கடிதம் வந்தால் சம்பளத் துண்டுகளையும் கட்டையும் எடுத்துக்கொண்டு, முன்பு உதவிய ஆலோசகரிடமே உடனே திரும்பிச் செல்லுங்கள்.